கவிழ்க்காத வாங்கு

அன்று காலை கோபிசங்கர் பாரமாக இருக்கவில்லை.

பதினான்கு மாதங்களாக, காலை ஏழு மணிக்கும் பதினொன்றுக்கும் பின்னேரம் மூன்றுக்கும் விளக்கு அணைக்கும் முன்பும் அம்பிகை தன் புருசனைப் புரட்டிப் படுக்க வைத்து வருகிறாள். ஒரு முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, ஒரு கையைத் தோளுக்கும் மற்றக் கையை இடுப்புக்கும் கொடுத்து, மூன்று எண்ணி இழுக்கவேண்டும். முதலில் தோள் வரும், தலை பின்தங்கி நிற்கும், பிறகு இடுப்பு ஒரேயடியாகக் கைக்குள் வந்து விழும். அந்த வரிசை அவளுடைய முதுகின் அடிக்கு, நாரிக்கு, மனப்பாடம். அன்று இரண்டு எண்ணும்போதே அவர் திரும்பிவிட்டார். மூன்றைச் சொல்லத் திறந்த வாயோடு அவள் நின்றாள். அதே நேரம் ஹோலுக்குள் பலகை ஒன்று முனகியது, யாரோ படுத்தபடி மற்றப் பக்கம் திரும்பியதுபோல.

அவளுக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பயம் வந்திருந்தாலும் பொருத்தமாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை. இப்போதெல்லாம் எந்த உணர்ச்சியும் வாசல் படலைவரை வந்து, உள்ளே ஆள் இல்லையென்று நினைத்துத் திரும்பிப் போய்விடுகிறது. அழுக்கு விரிப்பை உருவினாள். புதியதை விரித்தாள். இடுப்புக்குக் கீழே இருந்த படுக்கைப்புண்ணைப் பார்த்தாள். நேற்று ஈரமாக இருந்தது, இன்று காய்ந்து தோல் மூடியிருந்தது. அழுத்திப் பார்த்தாள், அவர் முகம் சுளிக்கவில்லை.

நாரந்தனையில், பனையும் பூவரசும் நின்ற அந்தப் பெரிய வளவுக்குள் இப்போது அவர்கள் இரண்டு பேர்தான். கோபிசங்கருக்குச் சென்ற வருடம் மாசி மாதம் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. அம்பிகை சின்ன வகுப்பு ரீச்சர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு வீட்டில் நின்றாள். மகள் கிருசாந்தி ரொறன்ரோவில் இருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் நல்ல முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது, அப்பாவை அங்கே விடுங்கோ, நீங்களும் மனிசராய் இருக்கவேணும் என்று கிழமைக்கு ஒரு தடவை சொல்லுவாள். அம்பிகை கேட்கமாட்டாள். பேச்சு வருவதென்றால் ஒன்றரை வருடத்துக்குள் வரவேண்டும், அதற்குப் பிறகு வருவது அரிது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இன்னும் நாலு மாதம் இருந்தது. அவள் கேட்டது பெரிய விசயமும் அல்ல. அவர் ஒரு தடவை அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும். முப்பத்தொரு வருடம் கேட்ட குரல் அது. இப்போது அதை நினைத்துப் பார்க்கும்போது சில நாட்களில் அவளுடைய தகப்பனின் குரல் வந்து அதற்குள் கலந்துவிடுகிறது. அது ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பத்து மணிக்கு நிலாந்தி ஸ்கூட்டியில் வந்தாள். வியாழக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வந்து, கைகாலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிற பிள்ளை. கோபிசங்கரின் காலைத் தூக்கி மடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரீச்சர், ஐயா நல்லாத் தேறியிட்டார். போன கிழமை இந்தக் காலைத் தூக்கேக்க என்ர நாரி விட்டுப்போச்சு. இப்ப பாருங்கோ."

"மெலிஞ்சுபோனாரோ தெரியேல்லை," என்றாள் அம்பிகை.

நிலாந்தி நாடாவை எடுத்து அவருடைய புயத்தையும் தொடையையும் சுற்றி அளந்தாள். கொப்பியைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லையே. அளவு அப்பிடியே கிடக்கு."

பிறகு தேத்தண்ணி. அம்பிகை பிளாஸ்ரிக் கோப்பையை அவருடைய இடது கைக்குள் கொடுத்து, தன் கையால் மூடிப் பிடித்திருந்தாள். கோணிய வாய் அசைந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டி விடுபடுகிற சத்தம் கேட்டது. பதினான்கு மாதத்தில் முதல் சொல் வந்தது.

"வாங்கு."

நிலாந்தி கையைத் தட்டினாள். "சொல்லிட்டார் ரீச்சர். கோப்பையை வாங்கச் சொல்லுறார்."

அம்பிகை கோப்பையை வாங்கினாள். அவர் திரும்பவும் அதையே சொன்னார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அவளை நீர் என்றுதான் சொல்லுவார். வாரும், இரும், வாங்கும். கோபத்தில்கூட நீ என்று வாயில் வந்ததில்லை. கடைசி 'ம்'மை பாரிசவாத வருத்தம் தின்றுவிட்டது, மிச்சமாவது வந்ததே என்று நினைத்துக்கொண்டாள். அன்று பின்னேரம் கிருசாந்தி வீடியோவில் அழுதாள். "அப்பா, இஞ்சை பாருங்கோ, என்னைப் பாருங்கோ." அவர் போனைப் பார்க்கவில்லை. அம்பிகையின் தோளுக்கு மேலால், திறந்திருந்த கதவைப் பார்த்தபடி கிடந்தார்.

கதவுக்கு அப்பால் ஹோல். ஹோலின் நடுவில் வாங்கு.

வாங்கு என்றால் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. சாய்வும் கைப்பிடியும் இல்லாத நீட்டுப் பலகை ஒன்று, அதற்கு நாலு கால். தீவுப்பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் வந்த அதே பறங்கிக் கப்பலில் அந்தச் சொல்லும் வந்திறங்கியது என்று சொல்லுவார்கள். இந்த வாங்கு பலாப்பலகை, ஆறரை அடி நீளம். கோபிசங்கரின் தகப்பனைப் பெற்ற அரியநாயகம் குருநாகலில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். கடைக்கு வருகிறவர்கள் இருந்து வெற்றிலை போடட்டும் என்று அந்த ஊர்த் தச்சனைக் கொண்டு செய்வித்து வாசலில் போட்டார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதில் சரிந்தவர் எழும்பவில்லை. ஊருக்குக் கொண்டுவர அந்த நேரத்தில் பெட்டி கிடைக்கவில்லை. சாக்கால் சுற்றி, வாங்கோடு சேர்த்துக் கட்டி, லொறியிலும் பிறகு தோணியிலும் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவரை எரித்தார்கள். வாங்கை எரிக்க மனம் வரவில்லை. நல்ல பலகையை எறிய எந்தத் தீவாருக்குத்தான் கை வரும்?

அதன்பிறகு அந்த வீட்டில் பிரேதம் வைப்பதற்கு அதுதான். மற்ற நாட்களில் பிள்ளைகள் அதில் இருந்து படித்தார்கள், வெங்காயம் பரப்பினார்கள், வந்தவர்கள் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். தொண்ணூற்றோராம் ஆண்டு யுத்தத்தில் தீவே வெறுமையானது. ஐந்து வருடம் கழித்துத் திரும்பியபோது, இந்த வீட்டுக்கு மருமகளாகியிருந்த அம்பிகை தன் கண்ணாலேயே பார்த்தாள். ஓடு இல்லை, யன்னல் இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றுக் கப்பி வரைக்கும் போயிருந்தது. கூரையில்லாத ஹோலின் நடுவில் வாங்கு மட்டும் நின்றது. நிலம் முழுக்க ஆட்டுப் புழுக்கை. வாங்கின் மேலும் ஒன்று இல்லை, கீழும் ஒன்று இல்லை. எங்கட அதிர்ஷ்டம் என்று மாமா ஆழ்வாப்பிள்ளை சொன்னார். பிறகு அவரையும் மாமியையும் அதில்தான் கிடத்தினார்கள்.

பிரேதம் படலையைத் தாண்டிய கையோடு வாங்கைக் கவிழ்த்துவிடவேண்டும். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடியும்வரைக்கும் அது நாலு காலும் மேலே நிற்கக் கிடக்கவேண்டும். ஏனென்று யாரும் கேட்டதில்லை. செத்தவீட்டில் கேள்வி கேட்கிறவர்களை யாருக்கும் பிடிக்காது. ஆம்பிளைகள் சுடலைக்குப் போய்விடுவதால் அது பெண்களின் வேலை, இந்த வீட்டில் எப்போதும் அன்னபூரணத்தின் வேலை. கோபிசங்கரின் தமக்கை, கல்யாணம் கட்டாமல் தம்பியோடேயே இருந்தவர். மாமாவுக்கும் மாமிக்கும் அவர்தான் கவிழ்த்தார். இருபத்துநாலு நாளைக்கு முன்பு, நித்திரையில், அன்னபூரணமே போய்விட்டார். இந்தத் தடவை கவிழ்க்கிறவர் பெட்டிக்குள் இருந்தார்.

மற்றவர்களுக்கு அது மறந்துபோனது. அம்பிகைக்கு மறக்கவில்லை.

செத்தவீட்டன்று பறைச் சத்தம் ஒழுங்கை முடக்கில் தேய்ந்துபோனது. பெண்கள் கிணற்றடிக்குப் போனார்கள். ஹோலில் சாம்பிராணிப் புகையும் நசுங்கிய பூவும் ஈரமும் இருந்தன. வாங்கு நிமிர்ந்தபடி நிற்பதை அவள் பார்த்தாள். கவிழ்க்க இரண்டு கை வேண்டும். இரண்டு கையும் தொங்கின. அதில் குந்திப் பார்த்தாள். பிறகு படுத்தாள். பலகை குளிர்ந்திருந்தது. அறைக்குள்ளிருந்து அவர் முனகினார். அவளுக்குக் கேட்டது, எழும்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, யாருமில்லாத ஹோலுக்குச் சொன்னாள்: "ஆராவது என்னட்டை இருந்து இந்தப் பாரத்தை ஒருக்கா வாங்குங்கோவன்." பிறகு நித்திரையாகிப் போனாள். பதினான்கு மாதத்தில் அப்படி ஒரு நித்திரை அவளுக்கு வாய்க்கவில்லை. அதை நினைத்து இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் இன்னும் இலேசானார். சனிக்கிழமை முழங்கால் முட்டுத் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கையால் திருப்பினாள். கன்னம் அப்படியே இருந்தது, வயிறு அப்படியே இருந்தது, கையில்தான் பாரம் ஏறவில்லை. திருப்புகிற ஒவ்வொரு தடவையும் ஹோலில் பலகை முனகியது. பலாப்பலகை வெயிலுக்கு முனகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன நேரம் வெயில் ஏறியிருக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், தண்ணீர் பவுசர் வந்து வாளிகளை நிரப்பிவிட்டுப் போனபின், ஒழுங்கையில் நாய்கூட நடமாடாத அந்த வெள்ளை வெயில் நேரத்தில், வாங்கைத் துடைக்கவென்று ஈரத்துணியோடு போனவள் கையை வைத்துவிட்டு எடுத்தாள். வெயில் படாத பலகை, நடுப்பகுதியில் சூடாக இருந்தது. ஒரு ஆள் நீளத்துக்குச் சூடு. அதற்கு வெளியே, இரண்டு தொங்கல் முனையிலும், குளிர்ந்திருந்தது. குனிந்தாள். நல்லெண்ணெய், குழந்தைப் பவுடர், புண்மருந்து, அதற்கு அடியில் கொஞ்சம் மூத்திர வாடை. அவளுக்குத் தன் கையின் மணத்தைவிடத் தெரிந்த மணம். அறைக்குள் போய் அவருடைய கழுத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். கழுவிக் காயவைத்த கோப்பையில் ஏதாவது மணக்குமா? அப்படித்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கஞ்சி பருக்கும்போது அவர் சொன்னார்.

"வாங்கு."

கோப்பையை எடுத்தாள். அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினார். கண் அவளுடைய தோளைத் தாண்டிக் கதவுக்குப் போனது.

"வாங்கு."

இருபத்தெட்டு வருடம் அதைக் கரும்பலகையில் எழுதியவள் அவள். பேனை வாங்கு. வாங்கில் இரு. ஒன்று வினை, ஒன்று பெயர், வடிவாய்ப் பாத்து எழுதுங்கோ என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் அவளை நீ என்று சொல்லவில்லை. எந்த எழுத்தையும் வருத்தம் தின்னவில்லை. வியாழக்கிழமையிலிருந்து அவர் ஒரு சாமானின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கஞ்சிக் கோப்பையை நிலத்தில் வைத்தாள். பயம் இன்னும் தனக்கு வந்து சேரவில்லை என்று நினைத்தாள்.

வேலியால் றோசம்மாவைக் கூப்பிட்டாள். பக்கத்து வளவுக்காரி, வலை இழுத்த கை, பயம் அறியாதவள்.

"ஒருக்கா வாறீரே? உந்த வாங்கைக் கவிட்டு விடவேணும்."

"இப்பவோ ரீச்சர்? செத்தவீடு முடிஞ்சு இருபத்தெட்டு நாளாச்சு."

"அண்டைக்கு விட்டுப்போச்சு."

றோசம்மா படலையால் உள்ளே வந்தாள். ஒரு நீளப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். அம்பிகை கால்மாட்டில், றோசம்மா தலைமாட்டில். குனிந்து விளிம்பைப் பிடித்தார்கள்.

"மூண்டு எண்ணுவம்," என்றாள் அம்பிகை.

ஒன்று. இரண்டு. மூன்று.

வாங்கு எழும்பவில்லை. பிறகு கொஞ்சம் எழும்பியது. தோள் முதலில் வந்தது. தலை பின்தங்கி நின்றது. பிறகு இடுப்பு ஒரேயடியாக அம்பிகையின் கைக்குள் வந்து விழுந்தது. அவளுடைய நாரி அதை உடனே கண்டுபிடித்தது. அவருடைய எண்பத்திரண்டு கிலோ.

றோசம்மா விட்டுவிட்டாள். நாலு காலும் நிலத்தில் இடித்தன. கையைச் சட்டையில் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள்.

"ரீச்சர், இதிலை ஆரோ கிடக்கினம்."

"ஓம்."

றோசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். குரல் தாழ்ந்துபோனது. "ஐயாவைக் கொண்டு வெளிக்கிடுங்கோ. இப்பவே. நான் சுலக்சன்ர ஓட்டோவுக்குப் போன் அடிக்கிறன். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவம். நான் இனி உள்ளுக்கு வர ஏலாது, குறை நினையாதேங்கோ. படலையில நிக்கிறன்."

அவள் போனபின் வீடு அமைதியாக இருந்தது. வெளியே பனையோலை உரசிக்கொண்டிருந்தது. உள்ளே மூச்சுச் சத்தம். ஒன்று அறைக்குள். ஒன்று ஹோலில். அறைக்குள் இருந்தது மெல்லியது. ஹோலில் இருந்தது நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஆளின் மூச்சு.

அம்பிகை அறைக்குள் போனாள். அவருக்குக் கீழே கைகளைக் கொடுத்தாள். எண்ணத் தேவைப்படவில்லை. கொடியில் காய்ந்த உடுப்புகளை ஒரே அணைப்பில் எடுப்பதுபோல எடுத்தாள். முகம் இருந்தது. கை இருந்தது. சாறம் இருந்தது. பாரம் இல்லை. அவருடைய வாய் அவள் கழுத்தில் பட்டது, மூச்சு பட்டது. உயிர் இருக்கிறது. கொண்டுபோகலாம். பண்ணைப் பாலத்தைத் தாண்டிவிட்டால் ஏதாவது நடக்கலாம். இதைக் காப்பாற்றினால் அவரைக் காப்பாற்றின மாதிரி. இதுதான் அவர். அவளுக்கு அது தெரியும்.

வெளியே போக ஹோலால்தான் வழி.

வாங்கைப் பார்க்காமல் நடந்தாள். எட்டு அடி. ஆறு அடி. விறாந்தைக்கு அப்பால் வெயில். ஓட்டோ ஒழுங்கையால் வருகிற சத்தம். நாலு அடி.

"அம்பிகை."

நின்றாள்.

கோணல் இல்லை. குழறல் இல்லை. அவளுடைய தகப்பனின் குரல் அதில் ஒரு துளியும் இல்லை. சொல்லின் நடுவில் கொஞ்சம் இழுத்து, மத்தியான நித்திரை கலைந்த நேரங்களில் அவர் கூப்பிடுகிற அதே மாதிரி.

"அம்பிகை, இஞ்சரும். தண்ணி விடாய்க்குது. கொஞ்சம் கொண்டாரும்."

முழுச் சொல்லும் இருந்தது. ஒரு எழுத்தும் குறையவில்லை.

அவளுடைய தோளில் கிடந்த வாய் அசைந்தது. அது சொல்ல வந்தது வெறும் காற்றாகத்தான் வந்தது. விரல்கள் அவளுடைய சேலையைப் பிடித்தன. பிடி, தும்பு சிக்கினாற்போல் இருந்தது.

படலையில் ஓட்டோவின் கோண் சத்தம். "ரீச்சர், ஓட்டோ வந்திட்டுது."

அவளுக்குள் ஏதோ வந்தது. இந்தத் தடவை படலையில் நிற்காமல் உள்ளே வந்தது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்த அழுகை. சந்தோசமான அழுகை. அது அவளுக்குப் பெரிய கொடுமையாக இருந்தது.

"ஓம்," என்றாள். "கொண்டுவாறன்."

கையிலிருந்ததைக் கதவடிக் கதிரையில் வைத்தாள். சரிந்தது. நிமிர்த்தி, காலை மடித்து வைத்தாள். சேலையில் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். குசினிக்குப் போனாள். கோப்பையில் தண்ணீர் வார்த்தாள். வந்தாள். வாங்கின் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

இடது கையைக் கீழே கொடுத்தாள். தலை வந்து உள்ளங்கையில் அமர்ந்தது. பாரமான, சூடான தலை. எண்ணெய்த் தலை. கோப்பையைச் சரித்தாள். தண்ணீர் நிலத்தில் விழவில்லை. விழுங்குகிற சத்தம் கேட்டது.

"காணுமோ, போதுமோ?"

"இன்னும் கொஞ்சம்."

கோண் அடித்தது. றோசம்மா கூப்பிட்டாள். பிறகும் கூப்பிட்டாள்.

விறாந்தையால் கடல்காற்று வந்தது. பெரிய காற்று இல்லை. கதிரையில் இருந்தவரைத் தூக்கி நிலத்தில் போட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. காற்று அவரைச் சீமெந்தில் கொஞ்சத் தூரம் இழுத்துவந்து, சுவரோடு சேர்த்து விட்டது. முகம் இந்தப் பக்கம் பார்த்தபடி கிடந்தது. கண் திறந்திருந்தது. இமைத்தது.

அம்பிகை கோப்பையை இன்னும் கொஞ்சம் சரித்தாள்.